ரெனசான்ஸ் ஃபேருக்கு ஒரு வரலாற்று வாத்தியார் போகலாமா?

கேட்டவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். மகன் குடும்பம் சிகாகோவுக்கு வடக்கே இருக்கிறது. ஜூலையில் மனைவியோடு அங்கே போகிறார். ஒன்பது வயதுப் பேத்தி 'ரென் ஃபேர்' (ரெனசான்ஸ் ஃபேர்; பழைய ஐரோப்பியச் சந்தை நாளைப் போல வேஷம் கட்டி நடத்தும் திருவிழா) போயே ஆக வேண்டும் என்று இப்போதே போனில் நச்சரிக்கிறாளாம். அவர் எழுதியிருப்பது: "முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளியில் வரலாறு நடத்தியவன் நான். அமெரிக்கர்கள் ராஜா ராணி வேஷம் கட்டி ஆடுவதை நாள் பூரா வெயிலில் நின்று பார்க்க வேண்டுமா? நாங்கள் சைவம், சாப்பிட என்ன கிடைக்கும்? வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி வேறு."

போங்க சார். ஆனால் கண்காட்சிக்குப் போவதுபோலப் போகாதீர்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு கடையாகப் பார்த்து நடந்தால் ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும், "இதுக்கா இவ்வளவு காசு?" என்று தோன்றும். முதல் தடவை எனக்கு அதுதான் நடந்தது. ஜீன்ஸ் பேன்ட், கறுப்பு டீ-சர்ட், கழுத்தில் கேமரா. எதிரே வந்த ஒரு மீன்காரி (வேஷம்தான்) இடுப்பில் கை வைத்து, "இந்த விசித்திர உடை எந்த தேசத்துத் துணி ஐயா?" என்று கேட்டாள். அசடு வழியச் சிரித்துவிட்டு நகர்ந்தேன். அவள் பந்தைப் போட்டாள், நான் மட்டையைத் தூக்கவே இல்லை. மறுவருஷம்தான் எனக்கு விளங்கியது. நம்மூர்க் கூத்தில் கட்டியங்காரன் கூட்டத்தில் ஒருத்தரைச் சீண்டுவான், அவர் பதிலுக்கு ஒன்று சொல்வார், அதிலிருந்து பத்து நிமிஷம் ஓடும் பாருங்கள், அந்த ஜாதி ஆட்டம் இது. மேடை என்று தனியாக ஒன்று இல்லை. முப்பது ஏக்கர் இடமும் மேடைதான், டிக்கெட் வாங்கியவனும் அதில் ஒரு பாத்திரம்தான்.

உங்கள் மகன் இருக்கும் இடத்தை வைத்துப் பார்த்தால், பேத்தி சொல்வது பிரிஸ்டல் ரெனசான்ஸ் ஃபேராகத்தான் இருக்க வேண்டும். இலினாய் எல்லையைத் தாண்டியதும் விஸ்கான்சினின் கெனோஷா மாவட்டத்தில், சிகாகோவிலிருந்து மில்வாக்கி போகும் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. ஜூலையில் தொடங்கி செப்டம்பர் முதல் திங்கட்கிழமையான தொழிலாளர் தினம் வரை சனி, ஞாயிறுகளிலும் அந்தத் திங்களன்றும் மட்டும். காலை பத்து மணிக்குக் கதவு திறப்பார்கள், மாலை ஏழுக்கு மூடுவார்கள். 1972-இல் 'கிங் ரிச்சர்ட்ஸ் ஃபேர்' என்ற பெயரில் தொடங்கியது. எண்பதுகளின் கடைசியில்தான் இப்போதைய பெயர் வந்தது. பக்கத்து ஊரின் பெயரும் பிரிஸ்டல். அதற்குத் தோதாகக் கதையை இங்கிலாந்தின் பிரிஸ்டல் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வருஷம் 1574. முதலாம் எலிசபெத் ராணி நகரத்துக்கு வருகிறாள், ஊரே திரண்டு நிற்கிறது. ஒவ்வொரு வருஷமும், ஒவ்வொரு சனி ஞாயிறும் அதே நாள்தான்.

இனி உங்கள் வரலாற்றுச் சங்கடத்துக்கு வருகிறேன். போலி வரலாறு எரிச்சல் தருமே என்கிறீர்கள். தரும். கடற்கொள்ளையர் வேஷத்தில் நூறு பேர் வருவார்கள். ஐந்நூறு வருஷம் தப்பி வந்த வைக்கிங் ஒருவர் லெமனேட் குடித்துக்கொண்டு நிற்பார். முதுகில் சிறகு கட்டிய தேவதைகள், கூர்க்காது வைத்த வனவாசிகள், அபூர்வமாக விண்வெளிக் கதைச் சீருடையில் ஓர் ஆசாமி. யாராவது ஷேக்ஸ்பியர் வேஷத்தில் வந்தால், 1574-இல் அவருக்குப் பத்து வயது என்று நீங்கள் சொல்லிக் காட்டலாம். உலகத்தைச் சுற்றி வந்தவன் என்று ஆங்கிலேய மாலுமி டிரேக் மார்தட்டினால், அவர் அந்தப் பயணத்துக்குக் கிளம்பியதே 1577-இல்தான் என்று மடக்கலாம். நல்ல நடிகராக இருந்தால் அதையே பிடித்துக்கொண்டு, "அப்படியா? நான் போகப்போகிறேனா? திரும்பி வருவேனா ஐயா?" என்று உங்களை ஜோசியராக்கிவிடுவார்.

ஆனால் ஒரு விஷயம் சொல்கிறேன், நீங்கள் ரசிப்பீர்கள். எலிசபெத் நிஜமாகவே 1574 ஆகஸ்டில் பிரிஸ்டலுக்குப் போனாள். வயது நாற்பது. ஒரு வாரம் தங்கினாள். நகரத்தார் அவளுக்கு என்ன காட்டினார்கள் தெரியுமா? ஒரு வேஷம் கட்டிய போர்! ஆற்றங்கரையில் பொய்க் கோட்டைகள் எழுப்பி, மூன்று நாள் முற்றுகையும் எதிர்த்தாக்குதலுமாகப் பீரங்கி முழங்க நாடகம் நடத்தினார்கள். ராணி பரண் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். அதற்கு வசனம் எழுதியவர் தாமஸ் சர்ச்யார்ட் என்ற பழைய போர்வீரர். அவர் மறுவருஷமே அச்சில் ஒரு புலம்பலையும் வைத்தார். சில உரைகளைப் பேசவிடாமல் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தடுத்துவிட்டாராம். வெளியூர்க்காரன் வந்து நம்மூரில் காட்சி நடத்துவதா என்ற பொறாமையாம். (வாத்தியார்கள் அன்றும் அப்படித்தான். கோபிக்காதீர்கள், என் அப்பாவும் வாத்தியார்.)

ஆக, கெனோஷாவில் நீங்கள் பார்க்கப்போவது ஒரு நாடகத்தின் நாடகம். குதிரையேறி ஈட்டியால் மோதும் ஜௌஸ்டிங்கும் அப்படியே. 1574-இல் போர்க்களத்தை வெடிமருந்து எப்போதோ பிடித்துக்கொண்டுவிட்டது. கவசமும் ஈட்டியும் தாத்தா காலத்துச் சமாசாரம். எலிசபெத்தின் அரசவையில் அவள் அரியணை ஏறிய நினைவாக நவம்பர் 17 அன்று ஈட்டிப்போட்டி நடத்துவார்கள். பழைய வீரயுகக் கதைகளில் வரும் பெயர்களைச் சூட்டிக்கொண்டு, விசித்திர வேஷத்தில் பிரபுக்கள் வருவார்கள். அவர்களும் 'அந்தக் காலத்தை' ஆடிக்கொண்டிருந்தவர்கள்தான். எனவே வேஷம் என்ற ஒரு காரணத்துக்காக இவர்களை மட்டும் தள்ளிவைக்க முடியாது.

இந்த விழா மோகத்தைத் தொடங்கிவைத்ததும் ஓர் ஆசிரியைதான். லாஸ் ஏஞ்சல்ஸில் ஃபிலிஸ் பாட்டர்சன் என்பவர் தம் வீட்டுப் பின்கட்டில் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுத்துவந்தார். இத்தாலியத் தெருநாடக வடிவமான கொமேடியா தெல்லார்த்தேயில் பிள்ளைகளுக்குப் பித்துப் பிடித்தது. அங்கிருந்து வளர்ந்த யோசனையை, 1963 மே மாதம் கணவர் ரானுடன் சேர்ந்து ஒரு வார இறுதிச் சந்தையாக நடத்தினார். கேபிஎஃப்கே என்ற, விளம்பரம் வாங்காமல் நேயர் காசில் நடந்த வானொலி நிலையத்துக்கு நிதி திரட்டத்தான் ஏற்பாடு. சுமார் 8,000 பேர் வந்தார்களாம். பிறகு அது நாடெங்கும் வேர்விட்டது. மின்னசோட்டாவில் 1971, டெக்சஸில் 1974, மேரிலாந்தில் 1977. மேரிலாந்தில், ஆறு பேரை மணந்த இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் கதையை வருஷத்துக்கு வருஷம் நகர்த்துவார்கள். எந்த வருஷம் போகிறோம் என்பதைப் பொறுத்து ராணி மாறியிருப்பாள். பென் அண்ட் டெல்லர் என்ற புகழ்பெற்ற மாயாஜால ஜோடி எழுபதுகளில் மின்னசோட்டா விழாவில்தான் சேர்ந்து வித்தை காட்டத் தொடங்கியது.

அது ஏன் முக்கியம் என்றால், இங்கே வித்தைக்காரர்களின் பிழைப்பு தொப்பியில் இருக்கிறது. நெருப்புச் சாட்டை சொடுக்குகிறவர், கயிற்றில் நடக்கிறவர், சேற்றில் புரண்டு சேற்றையே தின்று காட்டும் பிச்சைக்காரக் கோஷ்டி என்று அரை மணி ஆட்டம் முடிந்ததும் தொப்பியை நீட்டிக்கொண்டு வாசலில் நிற்பார்கள். சம்பளம் என்று ஏதோ சிலருக்கு உண்டு. ஆனால் பலருக்கும் வருமானத்தில் பெரும்பங்கு அந்தத் தொப்பிதான். அதற்காகவே கடைசி இரண்டு நிமிஷத்தில் ஒரு உருக்கமான, சிரிப்பான பேச்சு வைத்திருப்பார்கள். அதைக் கேட்டாலே தொழில் தெரிந்தவரா இல்லையா என்று புரிந்துவிடும். சில்லறை நோட்டுகளாக நாற்பது ஐம்பது டாலர் கையில் இருக்கட்டும். கடைகளில் கார்டு எடுத்துக்கொள்வார்கள், உள்ளே இருக்கும் ஏடிஎம் முன் நிற்கும் வரிசையைப் பார்த்தால் நம்மூர் நியாயவிலைக் கடை ஞாபகம் வரும்.

அன்றைய பொழுதை எப்படி ஓட்டுவது என்று சொல்கிறேன். ஒன்பதரைக்கே வாசலில் நில்லுங்கள். கதவு திறக்கும் முன் மேலே மாடத்தில் நின்று ஊர்ப் பெரியவர்கள் போல் சிலர் பேசுவார்கள், கூட்டத்தோடு வம்பிழுப்பார்கள், பிறகு எல்லோரும் 'ஹுஸ்ஸா!' என்று கத்த வேண்டும். கத்துங்கள். கூச்சம் அங்கேயே கழன்றுவிடும். பத்திலிருந்து பன்னிரண்டு வரை வெயில் ஏறாது, கூட்டமும் சேராது. அதற்குள் கைவினைக் கடைகளைப் பாருங்கள். கண்ணாடி ஊதுகிறவர், கொல்லர், மண்பாண்டம் வனைகிறவர், தோல்பை தைக்கிறவர். கொல்லுப்பட்டறை முன் நின்றால் உங்கள் பேத்தி நகரமாட்டாள், நீங்களும் நகரமாட்டீர்கள். அவர்கள் விற்பனைக்காரர்கள் மட்டும் இல்லை, கேள்வி கேட்டால் வேலையை நிறுத்திவிட்டு விளக்குவார்கள்.

ஜௌஸ்டிங் ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை இருக்கும். கடைசி ஆட்டம்தான் உக்கிரம், ஆனால் உங்கள் மனைவிக்காக முதல் ஆட்டத்துக்குப் போங்கள். அரை மணி முன்னால் போனால் நிழல் விழும் பலகை கிடைக்கும். நீங்கள் உட்காரும் பக்கத்துக்கு ஒரு வீரர் உண்டு. அவருக்காகத் தொண்டை கிழியக் கத்துவது உங்கள் கடமை. முழுக் கவசம் இருபதிலிருந்து இருபத்தைந்து கிலோ வரும், ஜூலை வெயிலில் அதற்குள் ஒரு மனிதர் வேகிறார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஈட்டி நுனியில் பெரும்பாலும் பால்சா மரம் வைத்திருப்பார்கள். மோதியதும் சிம்பு சிம்பாகத் தெறிக்கும், பார்க்கப் பயங்கரமாக இருக்கும், காயம் குறைவு. இந்த ஏற்பாடு இல்லாத காலத்தில் என்ன ஆனது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். 1559-இல் பிரான்ஸ் மன்னர் இரண்டாம் ஹென்றி முகக்கவசத்துக்குள் ஈட்டிச் சிம்பு பாய்ந்து பத்து நாள் கிடந்து செத்தார். பேத்திக்கு இதை ஆட்டம் முடிந்தபிறகு சொல்லுங்கள்.

சாப்பாடு. ஆணும் பெண்ணும் கையில் கதாயுதம் போல எதையோ பிடித்துக் கடித்துக்கொண்டு போவார்கள். வான்கோழிக் கால். உப்புநீரில் ஊறவைத்துப் புகைபோட்டது. அது இல்லாமல் ரென் ஃபேரே இல்லை என்பார்கள். வான்கோழி அமெரிக்கக் கண்டத்துப் பறவை. எலிசபெத் காலத்தில் இங்கிலாந்துக்கு வந்துவிட்டதுதான், ஆனால் சந்தையில் வருகிற போகிறவன் கையில் எல்லாம் ஒரு கால் கிடைத்திருக்காது. உங்களுக்குச் சுட்ட சோளக்கதிர், வறுத்த காளான், உருளைக்கிழங்கு, பிரெட்செல், சீஸ், ஊறுகாய் வெள்ளரி, சர்க்கரை பூசி வறுத்த பாதாம், பழரசப் பனிக்கூழ் எல்லாம் கிடைக்கும். சோளமும் உருளையும்கூட அந்தக் கண்டத்துச் சரக்குதான். தலையை மரச்சட்டத்துக்குள் விட்டுக்கொண்டு வருகிறவர்களையெல்லாம் வசைபாடும் ஒருவர்மீது காசு கொடுத்துத் தக்காளி எறியும் விளையாட்டு பல ஃபேர்களில் உண்டு. அந்தத் தக்காளியும் அப்படியே. நாம் இதில் சிரிக்க முடியாது. மிளகாய் இல்லாத நம் சமையலை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்? அதுவும் போர்த்துகீசியர் கப்பலில் வந்ததுதானே.

இரண்டு எச்சரிக்கை. ரொட்டியைக் குடைந்து அதில் ஊற்றித் தரும் சூப் பார்க்கச் சைவம் போல இருக்கும், கோழி அல்லது மாட்டெலும்புச் சாற்றில் செய்ததாக இருக்கலாம். கேட்டுவிட்டு வாங்குங்கள். பொரிக்கிற எண்ணெயும் ஒன்றே என்பது பல கடைகளில் நிலைமை. அந்த அளவு ஆசாரம் உண்டென்றால் காலையில் மருமகள் கையால் இட்லியை முழுசாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், உள்ளே சோளமும் பழமும் போதும். வெளிச் சாப்பாட்டை உள்ளே விடுவது இடத்துக்கு இடம் வேறு. மகனை முன்கூட்டியே பார்த்து வைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் மட்டும் கட்டாயம் வேண்டும். ஜூலையில் விஸ்கான்சினில் முப்பது டிகிரி சாதாரணம். சென்னைக்காரன் இதைக் கேட்டுச் சிரிப்பான், ஆனால் ஏரிக்காற்று நின்றுபோன நாளில் அந்தப் புழுக்கம் நம் கடற்கரை ஊர்ப் புழுக்கத்துக்குக் குறைந்ததில்லை. மழை பெய்தாலும் விழா நடக்கும்.

தரை முழுக்கச் சரளையும் மண்ணும் வேர்களும். முழங்கால் வலிக்கு அதுதான் சிரமம், தூரம் அவ்வளவு இல்லை. சக்கர நாற்காலி தள்ளலாம், தள்ளுகிறவருக்கு இடுப்பு விட்டுப்போகும். ஒரு மணி நடை, ஒரு ஆட்டம் உட்கார்ந்து பார்ப்பது, மறுபடி நடை என்று போனால் உங்கள் வீட்டம்மா தாங்குவார். செருப்பு வேண்டாம், மூடிய காலணி. கழிப்பறைக்கு 'பிரிவி' என்று எழுதியிருப்பார்கள்; உள்ளே இந்த நூற்றாண்டின் பிளாஸ்டிக் கூண்டுதான்.

உடை? வாசலருகே வாடகைக்குக் கிடைக்கும். முதல் தடவைக்கு அது வேண்டாம் என்பேன், சம்பளத்தில் ஒரு துண்டைக் கேட்பார்கள். ஆனால் உங்களுக்கு ஒரு தகவல். பிரிஸ்டலுக்கு ராணி போன அதே 1574-இல், ஜூன் மாதம், யார் என்ன துணி உடுத்தலாம் என்று அவள் ஓர் ஆணை போட்டாள். ஊதாப் பட்டு அரச குடும்பத்துக்கே உரியது. பிரபுக்களில் மேல்தட்டினர் மட்டும் சில உருப்படிகளில் உடுத்திக்கொள்ளலாம். இன்றைக்கு ஃபேரில் நாலில் ஒருத்தி ஊதாவில் வருகிறாள். உங்கள் மனைவி ஊதா காஞ்சிப்பட்டு கட்டி வந்தால் சட்டப்படி கைது செய்ய வேண்டியிருக்கும். நிஜத்தில், மெல்லிய பருத்திச் சேலையை ஒரு சாண் தூக்கிக் கட்டிக்கொண்டால் போதும், இல்லையென்றால் கீழ்ப்பாதி புழுதியில் சிவந்துவிடும்.

சேலை என்றதும் இதைச் சொல்லியாக வேண்டும். சில வருஷம் முன்னால் தஞ்சாவூரிலிருந்து வந்த அம்மாவை அழைத்துப்போனேன். சுங்குடிச் சேலை, தலையில் துண்டு, கையில் குடை. நடுப்பகலில் ராணியின் ஊர்வலம் வந்தது. முன்னால் முரசு, பின்னால் காவலர்கள், அவ்வளவு கனத்த உடுப்பில் ராணி. எல்லோரும் குனிந்தார்கள். அம்மா குனியவில்லை, வழக்கம்போலக் கும்பிட்டார். ராணி நின்றுவிட்டாள். எந்த தேசம் என்று கேட்டாள். நான் மொழிபெயர்த்தேன். அம்மா "தஞ்சாவூர்" என்றார், அதற்குமேல் விளக்கம் தேவைப்படும் ஊரா அது என்ற தோரணையில். ராணி ஒரு கணம் யோசித்தாள். பிறகு பக்கத்திலிருந்த பிரபுவிடம் திரும்பி, "மிளகு வரும் திசையல்லவா? போர்த்துகீசியர்கள் நம்மிடம் அதற்கு என்ன விலை வாங்குகிறார்கள் பார்த்தீரா? நாமே ஒருநாள் கப்பல் அனுப்ப வேண்டும்" என்றாள்.

எனக்குப் புல்லரித்துவிட்டது சார். ஏதோ ஊரில் பகுதிநேர வேலை பார்க்கிற நடிகையாக இருப்பாள். ஆனால் பாடம் படித்திருக்கிறாள். 1600 டிசம்பர் 31-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாசனம் கொடுத்தது அந்த எலிசபெத்தான், அதற்கு நாற்பது வருஷத்துக்குள் கோரமண்டல் கரையில் கம்பெனிக்காரர்கள் கோட்டைக்கு மனை வாங்கிவிட்டார்கள். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அப்படின்னா கும்பிட்டிருக்க வேணாமே" என்றார்.

இன்னொன்று, இது உங்களைப் போன்றவர்களுக்கு மட்டும். நடிகர்கள் 'தவ்', 'தீ' (thou, thee) என்று பழைய ஆங்கிலம் பேசுவார்கள். அது மரியாதைச் சொல் என்று இங்கே பலரும் நினைக்கிறார்கள். அந்தக் காலத்தில் 'தவ்' என்பது நம் 'நீ'. பிள்ளையிடமும் வேலைக்காரரிடமும் நெருங்கிய நண்பரிடமும் சொல்வது, கடவுளிடமும். 'யூ' தான் 'நீங்கள்'. கற்றுக்குட்டி நடிகர் ஒருவர் ராணியை 'தவ்' என்று சொல்லி நான் கேட்டிருக்கிறேன், மாமனாரை 'வாடா' என்று கூப்பிட்ட மாதிரி இருந்தது. தேர்ந்தவர்கள் சரியாகப் பிரிப்பார்கள். தமிழ்க்காது அதைச் சட்டென்று பிடிக்கும், வெள்ளைக்காரக் காதுக்குக் கஷ்டம்.

பேத்தி மரவாள் கேட்பாள். வாங்கிக்கொடுங்கள். நிஜ வாள் வைத்திருப்பவர்களுக்கு வாசலிலேயே உறையோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள், உருவக்கூடாது என்பது விதி. வேஷம் போட்ட பொதுமக்களைப் படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் மகிழ்ச்சியாக நிற்பார்கள். தேன் மதுவும் பீரும் தாராளமாக ஓடும் இடம், மாலையில் சிலர் சத்தமாக இருப்பார்கள். பெரியவர்களுக்கான நகைச்சுவையும் காதில் விழும். ஒன்பது வயதுக்கு அதில் பாதி புரியாது, மீதியை நீங்கள் இருமிச் சமாளியுங்கள்.

ஐந்து மணிக்கெல்லாம் கிளம்பிவிடாதீர்கள். வெயில் தாழ்ந்ததும்தான் இடம் அழகாகும். நடிகர்களுக்கும் களைப்பில் ஒரு தளர்வு வந்து, திட்டத்தில் இல்லாததெல்லாம் பேசுவார்கள். கடைசியில் முரசுகளை வைத்துக்கொண்டு ஆடுவார்கள், யார் வேண்டுமானாலும் சேரலாம். பிறகு ஏழு மணிக்கு எல்லாக் காரும் ஒரே புல்வெளியிலிருந்து ஒரே வழியில் வெளியேற முயலும். அவசரப்படாதீர்கள், அதுவும் பார்க்க வேண்டிய காட்சிதான். பின்கதவைத் திறந்து வைத்துப் பிரபுக்கள் பாதுகையைக் கழற்றி ஸ்லிப்பர் மாட்டுவார்கள், சீமாட்டிகள் இறுக்கிய ரவிக்கை நாடாவை ஒருவருக்கொருவர் அவிழ்த்துவிட்டுப் பெருமூச்சு விடுவார்கள். போன வருஷம் நெடுஞ்சாலைக்கு ஏறும் முன் பெட்ரோல் பங்க்கில் நின்றேன். மார்க்கவசம் போட்ட ஒருவர் காருக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தார், கைக்கவசத்தோடு கார்டைச் செருக முடியாமல். நான்தான் செருகிக்கொடுத்தேன். "நன்றி, நற்குடிமகனே" என்றார். இன்னும் பாத்திரத்தை விடவில்லை மனுஷன்.

டிக்கெட்டை மட்டும் மகனை இப்போதே இணையத்தில் வாங்கிவிடச் சொல்லுங்கள், வாசலில் விலை கூடுதல்.